சங்ககிரிப் பக்கத்துப் பட்டறையும் எங்கள் பழைய சக்திமானும்

மலைப்பாதையில் பழுதாகி நிற்கும் லாரிகளை இழுத்து வருவதற்கென்று, சத்தியமங்கலத்தில் எங்கள் குடும்பம் ஒரு பழைய ராணுவ சக்திமான் லாரியை வைத்திருக்கிறது. ஏலத்தில் எடுத்து, அப்பா காலத்தில் கிரேன் பொருத்திய வண்டி. ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்திடம் உரிமம் பெற்று 1959-இல் ஜபல்பூரில் தயாரிக்கத் தொடங்கிய இந்த வகை வண்டியின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன; ஆனாலும், நான்கு சக்கரமும் இழுக்கும் அதன் பிடிமானத்தை நம்பித்தான் திம்பம் பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் நாங்கள் வாடகைக்குப் போய் வருகிறோம்.

சென்ற ஆண்டு முழுவதும் அந்த வண்டிக்கு ஒரே நோய். பின் ஆக்சிலின் இடப்பக்க ஹப்பிலிருந்து, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்திலிருந்து, ஆயில் கசிந்து பிரேக் லைனிங்கில் படிந்துவிடும். பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மலையிறக்கத்தில் இது உயிர்ப் பிரச்சினை. இரண்டு பட்டறைகளில் மூன்று முறை, ஆயில் வெளியே வராமல் தடுக்கும் சீலை மாற்றினோம். மாற்றிய ஒரு மாதத்தில், மலை ஏறி இறங்கியதும் மறுபடியும் பிரேக் டிரம் நனைந்துவிடும். கடைசியில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் ஓட்டுநர் ஒருவர் கைகாட்டிய இடம்தான் சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையிலுள்ள இந்தப் பட்டறை. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. எழுதுவதாக இருந்தால் பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளரும் கேட்டுக்கொண்டார், ஏற்கெனவே வரும் வண்டிகளுக்கே இடம் போதவில்லையாம்.

தலைமை மெக்கானிக், ராணுவ வண்டிகளையும் கருவிகளையும் பழுது பார்க்கும் ஈ.எம்.ஈ. பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி நின்றதும் அவர் என்ன குறை என்று கேட்கவில்லை. “ஏனுங்க, இது ஓடிக் கெட்ட வண்டிங்களா, நின்னு கெட்ட வண்டிங்களா?” என்றார். வாடகை கிடைத்தால் தொடர்ந்து நான்கு நாள் ஓடும், இல்லையென்றால் இரண்டு மாதம் கொட்டகையில் நிற்கும் என்று சொன்னேன். “அப்ப நின்னு கெட்டதுதானுங்க” என்று முடிவு செய்துவிட்டார். ராணுவக் கிடங்கில் நிற்கும் வண்டிக்கும் வாரந்தோறும் கவனிப்பு உண்டு. நம் கைக்கு வந்த பிறகுதான் அது அனாதையாகிறது என்பது அவர் வாதம்.

ஒன்றரை நாள் வரையில் கசிந்த ஹப்பின் பக்கமே யாரும் போகவில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வீல் நட்டுகளைச் சிறு சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டி ஒலியைக் கேட்டார்கள். நட்டின் அடியிலிருந்து துரு கோடாக வழிந்திருந்தால் அது தளர்ந்திருக்கிறது என்று பொருளாம், அப்படி இரண்டு இருந்தன. எஞ்சினின் விசையை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கி, கிராஸ் ஜாயிண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பட்டன் தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த முன் டயர்களின் பக்கவாட்டில், வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் 4 இலக்க எண்ணைத் தேடிப் படித்து, ரப்பர் செத்துப்போய் வெடிப்பு விட்டிருப்பதை நகத்தால் கீறிக் காட்டினார்கள். ஒரு பாட்டரி மட்டும் ஏன் அடிக்கடி போகிறது என்ற எங்கள் பழைய கேள்விக்கும் அப்போது விடை கிடைத்தது. இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் வண்டியில், எங்கள் ஓட்டுநர் பாட்டுப் பெட்டிக்காக ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்திருந்தார். ஒன்று அரைப்பட்டினி கிடக்க, மற்றொன்று அளவுக்கு மிஞ்சி சார்ஜ் ஏறி வெந்துகொண்டிருந்தது.

இரண்டாம் நாள் பிற்பகலில்தான் ஹப்பின் முறை வந்தது. அப்போதும் அவர் சீலைத் தொடவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஆக்சில் ஹவுசிங்கின் மேல்பக்கத்தில், சேறு அப்பியிருந்த விரல்நுனி அளவுத் திருகு ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஆக்சில் மூச்சு விடுவதற்கான பிரீதர் அது. துளைக்குள் குளவி கட்டிய மண்கூடு, சுட்ட செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. வண்டி மலை ஏறும்போது உள்ளே ஆயில் சூடாகிறது, காற்று விரிகிறது, போக வழியில்லாமல் ஆயிலைச் சீலின் வழியாகத் தள்ளுகிறது. “சீலு மேல குத்தமில்லீங்க. வவுத்துல காத்து அடைச்சா எங்கியாச்சும் வழி தேடத்தானுங்க செய்யும்.” மூன்று சீலுக்கும் மூன்று முறை கூலிக்கும் நாங்கள் கொடுத்த பணம் அந்தக் குளவிக் கூட்டுக்குள் அடங்கிவிட்டது. ஆயில் நனைத்த லைனிங்கைக் கழுவிப் போடச் சம்மதிக்காமல் புதிதாக மாற்றினார்கள். பிரீதர் இருந்த இடத்தில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, அதன் வாய் கீழ்நோக்கி இருக்குமாறு சேஸிஸ் ஓரமாக உயர்த்திக் கட்டினார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒன்பது நாளில் முடியும் என்றது 23 நாள் ஆயிற்று, அதற்குள் மூன்று வாடகை கைவிட்டுப் போயிற்று. ஸ்பிரிங் பட்டைக்கான புஷ் கிடைக்காமல், கோயம்புத்தூரில் ஒரு லேத்தில் கடைந்து போட்டதைப் பில்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கடைசல் வேலையில் எந்தக் குறையும் தெரியவில்லை, கோவையின் லேத்துகளை நம்பலாம்தான். ஆனால் முன்பே ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அந்தப் பில்லும் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதியது. முன்கூட்டியே மதிப்பீடு தரும் வழக்கமும் இல்லை. கழற்றிய பழைய சாமான்கள் முழுவதையும் ஒரு சாக்கில் கட்டி வண்டியிலேயே ஏற்றிவிட்டிருந்தார்கள் என்பதால் கணக்கின்மேல் எனக்குச் சந்தேகம் எழவில்லை.

வண்டியை எடுக்கப் போன அன்று தலைமை மெக்கானிக் என்னிடம் பேசியதைவிட, எங்கள் ஓட்டுநரிடம்தான் அதிக நேரம் பேசினார். ராணுவத்தில் ஃபர்ஸ்ட் பரேட் என்று சொல்லும் காலை வேலையில் தொடங்கி, மாலை வரை பார்க்க வேண்டியதை வரிசையாகச் செய்ய வைத்தார்: கிளப்புவதற்கு முன் ஆயில், தண்ணீர், பெல்ட், டயர், வண்டி நின்ற இடத்தில் தரையில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்பது, வழியில் நிறுத்தும்போது நான்கு ஹப்பிலும் புறங்கை வைத்துச் சூடு பார்ப்பது, ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் வறண்டிருக்கிறது, மாலையில் காற்றுத் தொட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பது. ஓட்டுநர் முதல் வாரம் முணுமுணுத்தார். இப்போது பிற லாரிக்காரர்களின் ஹப்பையும் தொட்டுப் பார்த்துப் புத்திமதி சொல்கிறார். நான்கு மாதங்களில் ஆறு முறை திம்பம் போய் வந்தும் டிரம் காய்ந்தே இருக்கிறது.

பட்டறைக்கு அமாவாசை அன்று விடுமுறை. ஒரே நேரத்தில் இரண்டு வண்டிக்கு மேல் உள்ளே விடுவதில்லை. வாரக்கணக்கில் வண்டியை விட்டுவைக்க இயலாதவர்கள் பரிசோதனைக்கு மட்டும் காலையில் கொண்டுபோய் மறுநாள் மாலை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு 2,500 ரூபாய் வாங்குகிறார்கள், எங்கெங்கே என்ன கோளாறு என்று எழுதியும் தருகிறார்கள், அதுவும் நாட்காட்டித் தாளில்தான்.