சிங்கப்பூரில் ஏர் ரைஃபிள்: எதை வாங்கலாம், எதற்கு வாங்கக் கூடாது

ஏர் ரைஃபிள் பற்றி இணையத்தில் கிடைக்கும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெரிய தோட்டத்தோடு வீடு வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. கொல்லையில் குறி வைத்துப் பழக எது நல்லது, எலியையும் அணிலையும் ஒழிக்க எது நல்லது என்றே அவை பேசும். சிங்கப்பூரில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. காற்றழுத்தத்தில் சுடுவதும் இங்கே சட்டப்படி துப்பாக்கிதான். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதும் வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பதும் குற்றம். 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதில் எந்தச் சந்தேகமும் வைக்கவில்லை. சொந்தத் தரைவீடு, சுற்றிலும் மதில் என்றாலும் கொல்லையில் வைத்துச் சுட முடியாது.

மிச்சமிருக்கும் வழி ஒன்றுதான், அது நல்ல வழியும்கூட. துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்து, பாதுகாப்புப் பயிற்சி முடித்து, காவல்துறை உரிமத்தோடு 10 மீட்டர் போட்டி ரைஃபிளைச் சுடலாம். தேசிய சேவையாளர் மன்றமான சாஃப்ராவின் ஈசூன் கிளையில் சுடும் ரேஞ்ச் இருக்கிறது. பழைய சுவா சூ காங் சாலையில் தேசியத் துப்பாக்கி சுடும் நிலையம் இருக்கிறது. பல உயர்நிலைப் பள்ளிகளில் இது இணைப்பாட நடவடிக்கை. சொந்தமாக வாங்கினாலும் ரைஃபிள் சங்கத்தின் ஆயுத அறையில்தான் இருக்கும், வீட்டுக்கு வராது. எதை வாங்குவது என்ற முடிவில் பாதியை இந்த ஒரு விஷயமே தீர்மானித்துவிடுகிறது.

முதலில் எலி விஷயத்தை முடித்துவிடுவோம். போட்டி ரைஃபிளின் வேகம் நொடிக்கு 170 மீட்டர் அளவு, ஆற்றல் ஏறத்தாழ 7.5 ஜூல். அதன் பெல்லட் (சிறு ஈயக் குண்டு) தட்டைத் தலை கொண்டது. காகிதத்தில் வட்டமாக வெட்டுவதற்கென்றே செய்தது, உயிரைச் சட்டென்று கொல்வதற்கல்ல. வெளிநாடுகளில் எலி, அணில் ஒழிப்புக்கு வைத்திருப்பவை வேறு ரகம்: இங்கிலாந்தின் உரிமமில்லா உச்சவரம்பு ஏறத்தாழ 16 ஜூல், குழல் பல நேரம் 5.5 மி.மீ. அங்கேயே அடி சற்றுத் தவறினால் காயப்பட்ட எலி சுவரிடுக்கில் போய்ச் செத்து நாறும். சிமெண்டுத் தரையிலோ இரும்புக் கதவிலோ பட்ட பெல்லட் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. வரிசை வீட்டில் பத்து மீட்டருக்குள் அடுத்த வீட்டுச் சன்னல் இருக்கிறது.

எலிக்குச் சரியான கருவி விசைப்பொறி. அதைச் சுவரோரமாக, சுவருக்குச் செங்குத்தாக, இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். எலி சுவரை ஒட்டியே ஓடும். நடுத்தரையில் வைத்த பொறியில் மாதக்கணக்கில் ஒன்றும் விழாததற்குக் காரணம் அதுதான். புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும், ஆகவே முதல் சில நாள் விசையை ஏற்றாமல் இரையை மட்டும் வையுங்கள். இரை தொடர்ந்து காணாமல் போக ஆரம்பித்த பிறகு ஏற்றுங்கள். ஒரு பொறி போதாது, தடம் தெரியும் இடமெல்லாம் வேண்டும். பிடித்தபின் ஓட்டையை அடைக்காவிட்டால் அடுத்தது வரும்: சுண்டெலிக்கு 6 மி.மீ. இடைவெளி போதும், பெரிய எலிக்கு ஏறத்தாழ 12 மி.மீ. வெறும் நுரையை அடைத்தால் கடித்துவிடும். எஃகுக் கம்பிநாரைத் திணித்து மேலே சிமெண்டு பூசுங்கள். பசை அட்டையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. எலி மணிக்கணக்கில் துடிக்கும், ஓணானும் குருவியும் அதில் சிக்கும். காக்கை, மைனா தொல்லை என்றால் தேசியப் பூங்காக் கழகத்திடம் சொல்லுங்கள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குப்பைத்தொட்டிப் பக்கம் எலி என்றால் நகர மன்றத்திடம்.

இனி ரைஃபிள். கடைக்காரர் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படும் எண் வேகம். நொடிக்கு 1,200 அடி என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் எடை குறைந்த உலோகக் கலவை பெல்லட்டில் அளந்தது. ஒலியின் வேகமான ஏறத்தாழ 1,125 அடியைத் தாண்டும்போதும் பிறகு அதற்குக் கீழே இறங்கும்போதும் பெல்லட் தள்ளாடும், குறி சிதறும். போட்டி ரைஃபிள் அதில் பாதி வேகத்தில்தான் சுடுகிறது. அதுவே அதன் பலம். வேகத்தைப் பார்த்து வாங்குபவர் பணத்தை வீணாக்குகிறார்.

போட்டியின் கணக்கைத் தெரிந்துகொண்டால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது புரியும். குழல் 4.5 மி.மீ., தொலைவு 10 மீட்டர், நடுப்புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10. அதாவது பெல்லட்டின் மையம் 2.5 மி.மீ. விலகலாம். ஆனால் இப்போது தசமப் புள்ளி. மையம் ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் விலகும்போதும் 0.1 குறைகிறது, மிகச் சரியாக விழுந்தால் 10.9. அறுபது குண்டுக்கு உச்சம் 654. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டுகளில் சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோவும் இந்தியாவின் மெஹுலி கோஷும் இறுதிச் சுற்றைச் சமமாக முடித்து, கூடுதல் குண்டில்தான் தங்கம் வெலோசோவுக்கு முடிவானது. அந்த அளவுக்கு மெல்லிய இடைவெளியில் ஓடும் விளையாட்டு இது.

சந்தையில் மூன்று தலைமுறை இயந்திரங்கள் இருக்கின்றன. பழையது ஸ்பிரிங். ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் இதில் புகழ்பெற்றது. பக்க நெம்புகோலை இழுத்தால் ஸ்பிரிங் ஏறும், சுடும்போது இயந்திரம் முழுவதும் தண்டவாளத்தில் பின்னோக்கி நழுவி உதையை விழுங்கிவிடும். இன்றும் அருமையாகச் சுடும். ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் தாங்கி காலப்போக்கில் பொடிந்துவிடும். பின்னால் டக்கென்று உலோக ஓசை கேட்டால் அது போய்விட்டது என்று பொருள். அடுத்தது ஒரே இழுப்பில் காற்றை அமுக்கும் ரகம், ஃபைன்வெர்க்பாவ் 600 முதல் 603 வரையிலான வரிசை, வால்தர் எல்ஜிஆர் போன்றவை. உதை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் கனமான நெம்புகோலைத் தள்ள வேண்டும். அறுபது குண்டுப் போட்டியில் இளையவரின் தோள் நாற்பதாவது குண்டிலேயே நடுங்க ஆரம்பிக்கும். மூன்றாவது, இப்போது எல்லாரும் சுடுவது: 200 பார் (பார் என்பது காற்றழுத்த அளவு) சிலிண்டரில் காற்றை முன்கூட்டியே நிரப்பிய ரகம். லேசான நெம்புகோல், உதையில்லை, ரெகுலேட்டர் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்றை விடும். புதிதாக ஆரம்பிப்பவர் நேராக மூன்றாவதற்கே போகலாம்.

அதில் ஆரம்ப நிலைக்கு எங்கள் முதல் தேர்வு ஹேமர்லி ஏஆர்20. அலுமினிய உடல். வலக்கை, இடக்கை இரண்டுக்கும் பொருந்தும் ஸ்டாக் (தோளிலும் கையிலும் தாங்கும் கட்டை). தோள்தட்டும் கன்னக்கட்டையும் நகரும். விலை உச்ச ரகங்களில் பாதியைத் தொடாது. குறை டிரிகரில் தெரியும்: சுடத்தக்கதுதான், ஆனால் ஃபைன்வெர்க்பாவ் 800, வால்தர் எல்ஜி400, அன்ஷூட்ஸ் 9015 இவற்றின் டிரிகர் விடுபடும் சுத்தம் இதில் வராது. உயரமானவருக்கு இதன் நகர்வு எல்லைகளும் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஓரிரு ஆண்டில் 600 புள்ளியைத் தாண்டி மேலே போகும் நோக்கம் இருந்தால் வால்தர் எல்ஜி400-இன் எளிய வடிவத்தை வாங்குவது மேல். அதே இயந்திரம், விலை உயர்ந்த ஸ்டாக் மட்டும் இல்லை. உச்ச ரகத்தை முதல் ஆண்டிலேயே வாங்குவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. அந்தப் பணத்தில் உடலுக்கு அளவெடுத்த ஜாக்கெட், காற்சட்டை, கையுறை வாங்கினால் புள்ளி வேகமாக ஏறும். ரைஃபிள் செய்யும் பிழையைவிட இடுப்பு ஆடும் பிழை பல மடங்கு.

எந்தப் பிராண்டாக இருந்தாலும் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதே பெரிய கேள்வி. சங்கத்தின் ரைஃபிள்களிலேயே இதைச் சோதிக்கலாம். சுடும் நிலையில் நின்று, இடக்கையின் முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, ரைஃபிளைத் தோளில் வைத்துக் கண்ணை மூடுங்கள். இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறந்தால் டயாப்டர் (கண்ணருகே இருக்கும் பின்குறி) ஓட்டையின் நடுவில் முன்குறி வட்டம் நிற்க வேண்டும். தலையைக் குனிந்தோ கழுத்தை நீட்டியோ தேட வேண்டியிருந்தால் முதலில் தோள்தட்டைக் கீழே இறக்குங்கள், ரைஃபிள் மேலே வரும், தலை நேராகும். அதன்பின் கன்னக்கட்டையைக் கன்னத்தின் எடை முழுவதும் அதன்மேல் சாயும்வரை உயர்த்துங்கள். கன்னக்கட்டையை முதலில் தொட்டால் எல்லாம் இரண்டு முறை செய்ய வேண்டி வரும். கடைசியாகக் கைப்பிடி: ஆள்காட்டி விரல் ஸ்டாக்கில் எங்கும் உரசாமல் டிரிகரை நேர் பின்னால் இழுக்க வேண்டும். உரசினால் குண்டு பக்கவாட்டில் போகும், ஆள் டயாப்டரைத் திருகிக்கொண்டே இருப்பார்.

எடை விதிப்படி 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த எல்லையே அதிகம். எடைத்துண்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு ஆரம்பித்து, மாதங்கள் போகப் போகச் சேருங்கள். டிரிகரின் இழுவிசையை முதலில் 100 கிராம் அளவில் வையுங்கள். அதைவிட லேசாக வைத்தால் புதியவர் தயாராகுமுன் குண்டு போய்விடும். முன்குறி வளையத்தையும் பெரிதாகவே எடுங்கள். கரும்புள்ளியைச் சுற்றி வெள்ளை வளையம் தாராளமாகத் தெரிந்தால் கண் அமைதியாக இருக்கும், இறுக்கமான வளையம் ஆளை நடுவைத் துரத்த வைக்கும்.

பெல்லட்டில் பிராண்டைவிடத் தொகுதி எண் (எந்தத் தயாரிப்புத் தொகுப்பு என்பது) முக்கியம். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச்அண்ட்என் ஃபினாலே மேட்ச் இரண்டும் தரமானவை. எடை 0.53 கிராம் அளவு, தலை விட்டம் 4.49, 4.50 என்று டப்பாவில் எழுதியிருக்கும். உங்கள் குழலுக்கு எது ஒத்துவரும் என்பதைச் சுட்டால்தான் தெரியும். ரைஃபிளை மேசை இடுக்கியில் அசையாமல் பிடித்து ஒவ்வொரு வகையிலும் பத்துக் குண்டு சுடுங்கள். பத்தும் சேர்ந்த துளையின் வெளி அகலம் 6 மி.மீ.க்குள் நின்றால் அந்தத் தொகுதியையே மொத்தமாக வாங்கி வையுங்கள். 7.5-ஐத் தாண்டினால் வேண்டாம். பெல்லட் ஈயம், சுட்டு முடித்ததும் சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

சிலிண்டரில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். அதன்மேல் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். ஜெர்மன் தயாரிப்புகளுக்குப் பெரும்பாலும் பத்து ஆண்டு ஆயுள், அதற்குப் பின் போட்டியில் அனுமதி கிடைக்காது. நிரப்பும்போது மெல்லத் திறவுங்கள். வேகமாக ஏற்றினால் சூடாகி 200 காட்டும், ஆறியதும் 190-க்கு இறங்கிவிடும். திருகுமரையில் சாதாரண எண்ணெயோ கிரீஸோ ஒருபோதும் வேண்டாம், உயர் அழுத்தக் காற்றில் அது தீப்பற்றலாம். சிலிக்கோன் கிரீஸ் ஒரு துளி போதும். குண்டுகள் மேலும் கீழுமாக நீள ஆரம்பித்தால் முதலில் அழுத்தமானியைப் பாருங்கள்: 70 பாரை நெருங்கியிருந்தால் காற்றுத்தான் காரணம். காற்று இருந்தும் அப்படியே என்றால், குறிப்பாக இடைவெளி விட்டுச் சுடும் முதல் குண்டு மட்டும் தனியே விலகினால், ரெகுலேட்டரில் கசிவு. அதை நீங்களே பிரிக்கக் கூடாது.

இங்குள்ள ஈரப்பதம் குழலுக்கு எதிரி. குளிர்பதன ரேஞ்சிலிருந்து வெளியே எடுத்ததும் உலோகத்தில் நீர் முத்து முத்தாகப் பூக்கும். பெட்டியை உடனே மூடாமல் துணியால் துடைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் மூடுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பை இருக்கட்டும், மாதம் ஒரு முறை மாற்றுங்கள். குழலைத் துடைக்க உள்ளே கம்பளிப் பெல்லட் இரண்டு விட்டால் போதும், எண்ணெய் ஊற்றினால் அடுத்த ஐம்பது குண்டு அலையும்.

பழையதை வாங்குவதானால் சிலிண்டர் தேதி, ரெகுலேட்டர் பழுதுபார்த்த ரசீது, தொடர் எண் மூன்றையும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். சிலிண்டருக்கு ஒரு வருடம்தான் மிச்சம் என்றால் புதுச் சிலிண்டர் விலையைக் கழித்துக் கேளுங்கள். கைமாற்றம் சங்கத்தின் வழியாக, உரிமத்தில் பெயரும் தொடர் எண்ணும் மாறிய பின்புதான் முடிகிறது. அதற்கு முன் பணம் முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள்.