இண்டிக்எஃப்5: என் குரலில் பாடம் வாசிக்க வைத்த அனுபவம்

பார்வையற்ற மாணவர்களுக்கு டிஎன்பிஎஸ்சி பாடங்களை வாசித்து ஆடியோவாகக் கொடுத்து வருகிறேன். தொண்டை கட்டிக்கொண்டால் பாடம் நின்றுவிடக் கூடாதே என்றுதான் குரலை நகலெடுக்கும் இலவச மென்பொருள்கள் பக்கம் போனேன்.

அந்த வகையில் 2023-ல் வந்த எக்ஸ்டிடிஎஸ் வி2 என்ற மென்பொருள் நல்ல பெயர் வாங்கியது. ஆனால் அது பேசும் மொழிகளில் இந்தி உண்டு, தமிழ் கிடையாது. ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு வெளியிட்ட இண்டிக்எஃப்5-ல் தமிழோடு சேர்த்து 11 இந்திய மொழிகள் இருக்கின்றன. அதிலேயே நிலைத்துவிட்டேன். கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் என்பதால் இணையம் வழியாகக் கூகுள் கோலாப் தரும் இலவச ஜிபியுவில், அதாவது அவர்களுடைய கிராபிக்ஸ் கார்டில், ஓட்டுகிறேன்.

நம் குரலில் சில நொடிப் பதிவு, அதில் பேசியது அப்படியே எழுத்தில், அப்புறம் வாசிக்க வேண்டிய வரி. இவ்வளவுதான் கேட்கும். பலன் முழுக்க அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. வேகமாகப் பேசிப் பதிந்தால் பாடமும் வேகமாக ஓடும். ஃபேன் ஓடினால் அந்த இரைச்சலும் குரலோடு ஒட்டிக்கொண்டு வரும். வகுப்பில் விளக்கும் தொனியில், ஃபேனை நிறுத்திவிட்டு, கடைசியில் ஒரு நொடி மௌனம் விட்டுச் செய்த பதிவுதான் எனக்கு நன்றாக உழைக்கிறது.

அடுத்தது எண்கள். வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டை 1806 என்று இலக்கத்தில் கொடுத்தால் அவசரமாக விழுங்கிவிடும். காரணம் இருக்கிறது. இண்டிக்எஃப்5 போன்ற எஃப்5 வகை மாடல்கள், நாம் கொடுத்த குரல் பதிவில் எவ்வளவு எழுத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, புதிய வரியின் நீளத்துக்கு ஏற்ப நேரம் ஒதுக்குகின்றன. நாலு இலக்கத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் ‘ஆயிரத்து எண்ணூற்று ஆறு’ எப்படி அடங்கும்? எண்ணையும் சுருக்கப் பெயரையும் சொல்லாக விரித்து எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

ழ, ள வேறுபாடு சுத்தமாக வருவதில் எனக்குப் பெரிய சந்தோஷம். வெளிநாட்டுப் பெயர்களில் மட்டும் க, ப எப்படி ஒலிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். எப்படியும் ஒவ்வொரு கோப்பையும் முழுதாகக் கேட்ட பிறகுதான் அனுப்புகிறேன். ஓர் ஆண்டு தவறாகக் காதில் விழுந்தால் ஒரு பிள்ளைக்கு மதிப்பெண் போகும்.

பிரபல செய்தி வாசிப்பாளர் ஒருவரின் குரலில் போட்டுத் தரச் சொல்லி மாணவர் ஒருவர் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். வெளிப்படையாக அனுமதி தந்தவர் குரலை மட்டுமே நகலெடுக்கலாம் என்பது இந்த மாடலைப் பயன்படுத்துவதற்கான நிபந்தனை. அது இல்லாவிட்டாலும் என் பதில் அதுதான். என் குரலில் வருவதற்கும்கூட, இது கணினி வாசித்தது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வரலாறு, புவியியல், அரசமைப்பு எல்லாம் இப்போது இதில்தான் தயாராகின்றன. திருக்குறளை மட்டும் நானே வாசிக்கிறேன். எந்தச் சீரில் நிறுத்த வேண்டும், எதை அடுத்ததோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது இந்த மென்பொருளுக்கு இன்னும் பிடிபடவில்லை.