அம்பாசமுத்திரம் மரச்செப்பு: தவழும் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

மகள் வயிற்றுப் பேத்திக்குப் பதினொரு மாதம் ஆனபோது, அம்பாசமுத்திரத்துக் கடை ஒன்றில் ஓலைப்பெட்டியோடு செப்புச் சாமான், அதாவது மரத்தில் கடைந்த சின்னஞ்சிறு விளையாட்டுப் பாத்திரங்கள், வாங்கினேன். அம்மி, குழவி, உரல், உலக்கை, திருகை, அடுப்பு, பானை, குடம், கரண்டி என்று ஓர் அடுக்களையே அதற்குள் இருந்தது. நான்கு மாதங்களாக அவள் அதைப் புழங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்து வருகிறேன்.

அந்த வயதுப் பிள்ளை எதையும் வாயில் வைத்துத்தான் அறிந்துகொள்ளும். பேத்தி முதலில் எடுத்தது குழவியை. இரு முனைகளையும் மாறிமாறிச் சப்பிவிட்டு, சிமென்ட் தரையில் தட்டினாள். பிறகு பத்தமடைப் பாயில் தட்டியபோது ஓசை அடங்கிப் போகவே, கையை நிறுத்தி, பாயை உற்றுப் பார்த்து, மறுபடி தரைக்கு நகர்ந்து தட்டினாள். உள்ளே குடைந்த குடம் இலேசாகவும் கட்டிமரத்து அம்மி கனமாகவும் இருப்பதால், ஒவ்வொன்றையும் தூக்க மணிக்கட்டு வேறு வேறாக வளைந்து பழகியது. ஒரே எடையும் ஒரே வழவழப்புமாக எங்கள் வீட்டில் கிடக்கும் பிளாஸ்டிக் சாமானில் இந்தப் பயிற்சி இல்லை. திருகையைச் சுற்ற மட்டும் பதினான்காம் மாதம்வரை பொறுக்க வேண்டியிருந்தது.

சாயத்தில்தான் எனக்குக் குறை. கடைசல் பட்டறையில் சுழலும் கட்டையின்மேல் சாயம் சேர்த்த அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டில் அது உருகி மரத்தில் படிவதே இவ்வூர்ச் செப்பின் முறை. என் பெட்டியிலிருந்த அடுப்போ பெயின்ட் வாடை அடித்தது. ஈர வெள்ளைத் துணியால் தேய்த்ததும் சிவப்பு ஒட்டியது. "எல்லாம் ஒரே சாயந்தான், ஆச்சி" என்ற கடைக்காரர், துணியைக் காட்டிய பிறகே மாற்றித் தந்தார். பெயின்டில் ஈயம் இருந்தால் அது பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதால், வாங்கும்போதே முகர்ந்தும் தேய்த்தும் பார்த்துவிடுங்கள். அரக்கு சூட்டில் இளகும். ஆகவே கொதிநீரில் போடாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இன்னொன்று, அளவு. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கும் எதையும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தரக்கூடாது என்பது பொம்மைப் பாதுகாப்பு விதி. தொண்டையில் சிக்கினால் மூச்சடைக்கும். உலக்கையையும் கரண்டிகளையும் பரணில் ஏற்றிவிட்டேன். பெரிய உருப்படிகளை மட்டும் தனிப்பெட்டியாகக் கடைக்காரர்கள் விற்றால், அடுத்த பேரனுக்கும் அங்கேயே வாங்குவேன்.