பழைய மேசியும் புது 55 எச்.பி.யும்: டீசல் கணக்கு

சம்பா உழவு முடிந்த கையோடு மச்சான் போன் போட்டார். "நீ வாங்கின புது 55 எச்.பி. டிராக்டர் டீசல் ரொம்பக் குடிக்குதாமே?" அவரும் வாங்கும் யோசனையில் இருக்கிறார்.

மணிக்கணக்கு பார்த்தால் குடிக்கத்தான் செய்கிறது. என் பழைய மேசி 1035 டிராக்டர் சேற்றில் 5 அடி ரொட்டவேட்டரோடு (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) மணிக்கு நாலு லிட்டர் வாங்கும். புதியது 7 அடி ரொட்டவேட்டரோடு ஆறு லிட்டர். ஆனால் மேசி ஒரு ஏக்கரை முடிக்க ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது முக்கால் மணியில் கரையேறிவிடும். ஏக்கருக்கு முக்கால் லிட்டர், சில வயலில் ஒரு லிட்டர்கூட மிச்சம். வாடகைக்கு ஓட்டுபவர்கள் கவனிக்க: மணிக்கு இவ்வளவு என்று பேசினால் இந்த லாபம் வயல்காரருக்குத்தான் போகும். ஏக்கருக்குப் பேசுங்கள்.

இலகுவான வேலையில் கதை தலைகீழ். டிரெய்லரில் நாலு மூட்டை உரம் ஏற்றிவர மேசிதான் சிக்கனம். பெரிய எஞ்சினுக்குச் சுமை கொடுக்காமல் ஓட்டினால் டீசல் வீண். மருந்து அடிக்க, எகானமி பிடிஓ (எஞ்சின் மெதுவாக ஓடும்போதே பின்னால் மாட்டிய கருவியைத் தேவையான வேகத்தில் சுழற்றும் அமைப்பு) போட்டு ஆர்பிஎம்மைக் குறைத்தால் கொஞ்சம் தேறும்.

இதுவரை புதியதற்கு நல்ல மார்க்தான். ஆனால் டீசலில் தண்ணீர் சேர்ந்தால் எரிகிற அந்த டீசல் பில்டர் விளக்கு!

2023 ஜனவரியிலிருந்து 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம்-4 என்ற புகை விதி. அதற்காக வந்த சிஆர்டிஐ எஞ்சின் இது; கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசலைப் பீய்ச்சுவது. டீசலைப் பீய்ச்சும் நாசிலின் துளை அத்தனை நுணுக்கம், அழுத்தமும் அதிகம். டீசலில் துளி தண்ணீர் இருந்தாலும் ஆகாது. டெல்டாவில் ஐப்பசி மழையில், கொட்டகையில் பேரலில் டீசல் வைத்துப் புழங்குகிற நமக்கு இது எப்படிச் சரிப்படும்? விளக்கு எரிந்ததும் இழுவை குறைந்துவிடுகிறது. நாற்று பறித்துப் போட்டாயிற்று, நடவு ஆட்கள் வரப்பில் நிற்கிறார்கள், வண்டி சேற்றில் முனகுகிறது. பில்டர் தண்ணீரை வடித்தும் விளக்கு அணையாவிட்டால் லேப்டாப்போடு கம்பெனி மெக்கானிக் வரவேண்டும். சீசனில் அவர் வர ரெண்டு நாள். மேசியில் இதே கோளாறென்றால் பில்டரை மாற்றி, டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுத்து, அரை மணியில் நானே கிளப்பிவிடுவேன்.

நியாயமாகச் சொன்னால், விளக்கு எரியாத நாட்களில் இதுபோல் உழவு ஓட்டிய வண்டி எங்கள் வீட்டில் இருந்ததில்லை. சேறு வெண்ணெய் மாதிரி வருகிறது, புகையும் இல்லை.

ஆனாலும் மச்சானிடம் சொல்லிவிட்டேன்: 50 எச்.பி.க்குக் கீழே, கம்ப்யூட்டர் இல்லாத பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ளதாகப் பாருங்கள். ஏக்கருக்கு ஒரு லிட்டர் போனால் போகட்டும்.