இணையதளமா, பங்கேற்பு பட்ஜெட்டா, குலுக்கல் குழுவா: உள்ளாட்சி மன்றம் எதில் இறங்கலாம்?

பொதுக்கூட்டத்தின் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வந்தவர்களே மறுபடி வருவார்கள், மைக்கைப் பிடித்தவர் விடமாட்டார், வராதவர் நினைப்பது கணக்கிலேயே வராது. அதனால் அதை விட்டுவிட்டு, அதற்கு மாற்றாகப் பேசப்படும் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: யார் வேண்டுமானாலும் யோசனை பதியும் இணையதளம், மூலதனச் செலவில் (சாலை, பூங்கா என்று புதிதாகக் கட்டுவதற்கான பணத்தில்) ஒரு பங்கை மக்களே பிரித்துக்கொடுக்கும் பங்கேற்பு பட்ஜெட், குலுக்கலில் வந்த சாதாரண மக்கள் சில நாள் உட்கார்ந்து பேசிப் பரிந்துரை தரும் குழு. என் சாய்வு மூன்றாவதன் பக்கம். இங்கே இடமும் அதற்குத்தான் அதிகம்.

இணையதளம் தொடங்குவது சுலபம். மாட்ரிட் நகரம் 2015-இல் தொடங்கிய தளத்தின் கான்சுல் மென்பொருளும், பார்சிலோனாவில் 2016-இல் பிறந்த டெசிடிம் என்ற மென்பொருளும் இலவசம். சிக்கல் அதற்குப் பிறகுதான். மின்னஞ்சல் இருந்தால் போதும் என்று விட்டால் ஒரே சங்கத்துக்காரர்கள் கூட்டமாக வந்து ஓட்டுப் போடுவார்கள். குடியிருப்புச் சான்று கேட்டால் பாதிப் பேர் பதிவிலேயே நின்றுவிடுவார்கள். மாட்ரிட்டில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 1% பேர் ஆதரித்த யோசனை மட்டுமே வாக்கெடுப்புக்குப் போகும் என்று வைத்தார்கள். ஆயிரக்கணக்கான யோசனைகள் குவிந்தன. 2017-இல் நடந்த வாக்கெடுப்புக்கு அந்த வரம்பைத் தாண்டி வந்தவை இரண்டே. மற்றவை எல்லாம் கிடப்பில். கிணற்றில் போட்ட கல் என்று ஒருமுறை நினைத்தவர் அடுத்த முறை எட்டிப் பார்க்க மாட்டார்.

பங்கேற்பு பட்ஜெட்டின் பலம், அதில் பேச்சோடு பணமும் இருக்கிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் 1989-இல் தொடங்கியது. பாரிஸ் 2014 முதல் தன் முதலீட்டுச் செலவில் 5 சதவீதத்தை இப்படி ஒதுக்கியது. கவனிக்க வேண்டியவை சில உண்டு. பணத்தைப் பகுதிவாரியாகப் பிரிக்காமல் விட்டால், ஓட்டுச் சேர்க்கத் தெரிந்த வசதியான பகுதிகளே அள்ளிக்கொண்டு போகும். போர்ட்டோ அலெக்ரே அதனால்தான் மக்கள்தொகையோடு, அடிப்படை வசதி எவ்வளவு குறைவு என்பதையும் பங்கீட்டுக் கணக்கில் சேர்த்தது. வாக்கெடுப்புக்கு முன்பே பொறியாளர் ஒவ்வொரு திட்டத்துக்கும் மதிப்பீடு போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜெயித்த திட்டம் இரண்டு மடங்கு செலவு கேட்டு நிற்கும். பராமரிப்பை மறப்பது இன்னொரு வழக்கமான கோளாறு: பூங்கா கட்டப்படும், தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, பணத்தை எங்கே போடுவது என்பதற்கு மட்டுமே இது விடை தரும். எதை விட்டுக்கொடுப்பது என்ற கேள்வியில் இது கைகொடுக்காது.

அந்தக் கேள்விக்குத்தான் குலுக்கல் குழு. உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையைப் படித்தவர்களுக்குக் குலுக்கல் புதிதாகத் தோன்றாது. ஆனால் அந்தக் குடத்தில் பெயர் விழ நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். இன்றைய குலுக்கலின் நோக்கமே, சொந்த வீடில்லாதவர் பெயரும் விழ வேண்டும் என்பதுதான். (கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடாத அந்த விதியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.)

நடைமுறை இப்படி. முதலில் கேள்வி. "நம் ஊர் எப்படி இருக்க வேண்டும்?" என்று கேட்டால் ஆசைப்பட்டியல்தான் கிடைக்கும். "கடைவீதியில் வண்டி நிறுத்தும் இடத்தை எடுத்து நடைபாதை ஆக்கலாமா, ஆக்கினால் என்ன நிபந்தனையில்?" என்பது கேள்வி. மன்றத்தின் அதிகாரத்துக்குள் அடங்கியதாகவும், எந்தப் பக்கம் போனாலும் யாருக்காவது வலிப்பதாகவும் அது இருக்க வேண்டும்.

அடுத்து அழைப்புக் கடிதம். வாக்காளர் பட்டியலை வைத்து அனுப்பினால் புதிதாகக் குடிவந்தவரும் இளவயதினரும் விடுபடுவார்கள். முகவரிப் பட்டியலே மேல். நூறு கடிதம் போட்டால் மூன்று முதல் பத்துப் பேர் சம்மதிப்பார்கள். 40 இடத்துக்கு 200 சம்மதமாவது கையில் இருந்தால்தான் வயது, பாலினம், பகுதி, படிப்பு என்று ஊரின் விகிதத்தில் பொறுக்க முடியும். நூற்றுக்கு நான்கு என்று கணக்கிட்டால் 5,000 கடிதம். குறைத்து அனுப்பினால் முதலில் காலியாவது படிப்புக் குறைந்தவர்களின் இடம்தான். மேற்சொன்ன கேள்விக்கு, சொந்த வண்டி உண்டா இல்லையா என்பதையும் ஒரு விகிதமாகச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ஒரு தரப்பு முதல் நாளே குழுவை ஒப்புக்கொள்ளாது.

நாட்படி கண்டிப்பாகத் தர வேண்டும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு வேண்டும். இந்தச் செலவை வெட்டினால் கூலி வேலைக்குப் போகிறவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் இரண்டாம் அமர்வுக்கு வரமாட்டார்கள். பாதியில் நிற்பவர்களுக்காக நான்கைந்து பேரைக் கூடுதலாக எடுத்துவைப்பது நல்லது.

வார இறுதிகளில் நான்கு முதல் ஆறு நாள் போதும். முதல் மூன்றில் ஒரு பங்கு நேரம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு. பேச வரும் நிபுணர்களை ஒரு துறையே தேர்ந்தெடுத்தால் முடிவும் அந்தத் துறையினுடையதாகிவிடும். எதிர்த்தரப்பும் ஆள் அனுப்ப இடம் வேண்டும். மேசைக்கு ஆறு முதல் எட்டுப் பேர், ஒரு நடத்துநர். அவர் மன்ற ஊழியராக இருக்கக் கூடாது. ஊழியர் உட்கார்ந்த மேசையில் மன்றத்தைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. பரிந்துரை நிறைவேற 80% ஆதரவு என்று வைத்தால், 40 பேரில் 32 பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்பதாலேயே பேச்சு பக்குவப்படும். போலந்தின் க்டான்ஸ்க் நகரம் 2016-இல் வெள்ளத்துக்குப் பிறகு கூட்டிய குழுவில், 80 சதவீதத்தைத் தாண்டிய பரிந்துரைகளை நிறைவேற்றுவதாக மேயர் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தார். மெல்போர்ன் 2014-இல் தன் பத்தாண்டு நிதித் திட்டத்தையே 43 பேர் முன் வைத்தது.

இவ்வளவு சிரமத்துக்குப் பிறகும் இதையே தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம், பதில் சொல்லும் சுமை இதில் குறைவு என்பதுதான். கருத்துக் கேட்பது எந்த முறையிலும் கடினமில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் இடத்தில்தான் மன்றங்கள் விழுகின்றன. ஒரு கணக்குப் போடலாம். தளத்தில் 1,500 யோசனை வந்து, ஒன்றைப் படித்து, உரிய துறையில் கேட்டு, காரணத்தோடு பதில் எழுத ஒரு மணி நேரம் என்றால், 1,500 மணி நேரம். ஓர் ஊழியரின் ஓராண்டு வேலை ஏறக்குறைய போய்விடும். பங்கேற்பு பட்ஜெட்டில் 300 திட்டம் வந்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பீட்டுக்கு ஐந்து மணி நேரம் என்றால் அதே 1,500தான், அதுவும் ஆண்டுதோறும். குலுக்கல் குழு தருவது 15 அல்லது 20 பரிந்துரை. ஒன்றுக்கு இரண்டு முழு நாள் ஒதுக்கினாலும் 40 நாளில் முடியும். ஏற்கிறோம், பாதி ஏற்கிறோம், மறுக்கிறோம் என்று ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு அட்டவணை போட்டு ஊர் முன் வைக்கலாம். ஓராண்டு கழித்து எது நடந்தது என்று அதே அட்டவணையை மறுபடி நிரப்பலாம்.

எண்ணிக்கை கட்டுக்குள் இல்லாவிட்டால் குழுவும் இதே பள்ளத்தில் விழும். பிரான்சில் 2019–20-இல் காலநிலை பற்றிக் கூடிய 150 பேர் 149 யோசனை தந்தார்கள். வடிகட்டாமல் முன்னெடுப்பதாகச் சொன்ன அதிபர் மக்ரோன் தொடக்கத்திலேயே மூன்றை ஒதுக்கினார். பிறகு பலவும் நீர்த்துப்போயின. முடிவில் உறுப்பினர்கள் அரசுக்குக் கொடுத்த மதிப்பெண் பத்துக்குச் சராசரி 3.3. எனவே பரிந்துரைக்கு உச்சவரம்பு 20 என்பதையும், பதில் தரும் தேதியையும் கடிதம் போகும் முன்பே மன்றத் தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு தலைக்கு ஆகும் செலவில் மூன்றிலும் இதுவே அதிகம். உள்ளே இருந்த 40 பேர் மனம் மாறிய கதை வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சின்ன ஊர்களில் இது எப்படிப் போகும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அனுபவம் சேரவில்லை. அங்கே பங்கேற்பு பட்ஜெட்டே பொருந்தலாம். நிரந்தரக் குழுக்களும் இன்னும் இளசு: பெல்ஜியத்தின் ஜெர்மன் மொழிப் பகுதி 24 பேர் கொண்டதை 2019-இல்தான் தொடங்கியது, பாரிஸ் 100 பேர் கொண்டதை 2021-இல்.

தளத்தைக் கேள்வி சேகரிக்கவும், குழுவை அதில் பொறுக்கவும் வைப்பது நல்ல சேர்க்கை. மாட்ரிட்டே 2019-இல் குலுக்கலில் வந்த 49 பேரை அப்படி உட்காரவைத்தது. அதே ஆண்டு தேர்தலில் நிர்வாகம் மாறியது, அந்த ஏற்பாடும் போயிற்று. கடிதம் முதல் பதில் வரை எட்டு ஒன்பது மாதம் பிடிக்கும். பதவிக்காலம் அதற்குமேல் மீதமில்லாத மன்றம் இதைத் தொடாமல், அடுத்து வருபவர்களுக்கு முகவரிப் பட்டியலை மட்டும் தயாராக வைத்துவிட்டுப் போகலாம்.