கல் பதிக்கிறவன் பார்த்த பாலட்டைன் மியூசியம்

கிரானைட், மார்பிள் பதிக்கிற வேலையில் இருபத்திரண்டு வருஷம். மகளைப் பார்க்க இத்தாலி போயிருந்தேன். "கொலோசியத்தை எல்லாரும்தான் பார்க்கிறாங்கப்பா, உங்களுக்கு வேற இடம் வச்சிருக்கேன்" என்று அவள் கூட்டிப்போனது ரோமில் பாலட்டைன் குன்றுக்கு. சக்கரவர்த்திகளின் அரண்மனைகள் நின்ற மேடு. அதன்மேல் பழைய கன்னிமாடம் ஒன்றின் கட்டடத்தில் சின்ன மியூசியம்.

முதல் நாள் ஒரு டூர் குழுவோடு போய் ஏமாந்தேன் (பெயர் வேண்டாம்). மியூசியத்துக்கு அவர்கள் கொடுத்தது பத்தே நிமிஷம். மறுநாள் நாங்களாகவே போனோம். சிலைகளை ஒரு சுற்றில் முடித்துவிட்டு நான் நின்றது நீரோவின் அரண்மனைத் துண்டுகள் இருக்கும் இடத்தில். கி.பி. 64 தீ விபத்துக்கு முன்பு அவன் கட்டிய மாளிகை அது.

வண்ண வண்ணக் கல்லை வெட்டி, ஒன்றோடொன்று பொருத்திப் பூவும் கொடியுமாகப் பதித்திருக்கிறார்கள். சில துண்டுகள் சுண்டுவிரல் நகம் அளவுதான். மஞ்சள் துனிசியாவிலிருந்து, ஊதா நரம்போடும் வெள்ளை துருக்கியிலிருந்து, பச்சை கிரீஸில் ஸ்பார்ட்டா பக்கத்திலிருந்து. கருஞ்சிவப்பு போர்ஃபிரி எகிப்தின் கிழக்குப் பாலைவனத்து மலையில் வெட்டி நைல் வரை சுமந்து வந்த கல். அதில் நான் கட்டர் வைத்தால் பிளேடு எத்தனை போகும் என்றுதான் முதலில் மனசு கணக்குப் போட்டது. அவர்களிடம் வைர பிளேடு ஏது? பல் இல்லாத இரும்பு ரம்பம், தண்ணீர், மணல். அறுக்கிறது மணல்தான், இரும்பு அறுப்பதுபோலத் தெரிகிறது, அவ்வளவே என்று பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி அப்போதே எழுதியிருக்கிறார். எத்தியோப்பிய மணல்தான் உசத்தியாம், இந்திய மணலில் அறுத்தால் அந்த வழவழப்பு வராதாம். நம்ம மணலுக்கு அன்றைக்கே இரண்டாமிடம்!

போட்டோவை ஊரிலிருக்கும் என் மேஸ்திரிக்கு அனுப்பினேன். "அண்ணே, இதுல ஜாயின்ட் எங்கண்ணே இருக்கு?" என்று பதில் வந்தது.

ஆனால் முழுசாக இருப்பதைவிட உடைந்தவைதான் எனக்குப் பாடம். குன்றிலேயே நிலத்தடியில் இருக்கிறது அந்த மாளிகையின் மிச்சம். 2019இல்தான் மக்களுக்குத் திறந்தார்கள். கல்லில் பெரும்பகுதியைப் பின்னால் வந்தவர்கள் பெயர்த்துப் போய்விட்டார்கள். ஆனாலும் அடியிலிருந்த சுண்ணாம்புக் கலவையில் கல் உட்கார்ந்த தடம் அப்படியே நிற்கிறது. அந்தத் தடத்தை வைத்தே எந்த வடிவம் எங்கே இருந்தது என்று ஆய்வாளர்கள் பிடித்துவிடுகிறார்கள். நானும் பழைய தரையைப் பெயர்த்தால் முதலில் அடியைத்தான் பார்ப்பேன், முன்னால் வேலை செய்தவன் யோக்கியதை அங்கே தெரிந்துவிடும். கண்ணில் வி.ஆர். கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டு அந்தக் கால அறை கண்முன் நிற்பதுபோலக் காட்டுகிறார்கள். மகளுக்குப் பிடித்தது. எனக்குத் தடமே போதும்.

வெளியே, நீரோவுக்குப் பின்னால் வந்த சக்கரவர்த்தி டொமீஷியனின் விருந்து மண்டபத் தரை கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. அடியில் சூடான காற்று ஓடச் செங்கல் கால்கள் வைத்து எழுப்பிய தரை, இப்போது சில இடத்தில் அலைபோல இறங்கியிருக்கிறது. இந்த டொமீஷியன் தான் உலாவும் நடையில் முகம் தெரியும்படியான கல்லைப் பதிக்கச் சொன்னானாம், முதுகுக்குப் பின்னால் வருகிறவனைப் பார்க்க. கி.பி. 96இல் அவனை அரண்மனைக்குள்ளேயே குத்திக் கொன்றார்கள். பாலிஷ் போட்டவனைக் குறை சொல்ல முடியாது.

ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்றால் தொட விடமாட்டார்கள், கல்லைத் தொடாமல் நான் எதை மதிப்பது? மியூசியத்தையும் நிலத்தடி மாளிகையையும் சேர்த்துப் பார்க்கும்படியாக டிக்கெட் எடுங்கள். மாளிகை திறக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டில் ஏற்றம் உண்டு, செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.