எட்டு வருடமாகப் பாயிண்ட் சேர்க்கிறேன்: வந்ததும் போனதும்

பறந்தால் மைல் (விமான நிறுவனம் தரும் பரிசுப் பாயிண்ட்) சேரும், மைல் சேர்ந்தால் இலவச டிக்கெட். எட்டு வருடத்துக்கு முன்பு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முதல் நீண்ட பயணம் முடிந்து, கால் மரத்துப்போய் இறங்கி, ஒரு வாரம் கழித்துக் கணக்கைத் திறந்து பார்த்தேன். பறந்த தூரத்தில் கால்வாசிதான் ஏறியிருந்தது. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று புகார் எழுதினேன். தப்பு என்னுடையதுதான்.

டிக்கெட்டில் 'எக்கானமி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அதுதான் புக்கிங் கிளாஸ். ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்து சீட், ஆனால் எழுத்து வேறு என்றால் மைலும் வேறு. மலிவு டிக்கெட்டை அதே விமானக் கூட்டணியில் உள்ள இன்னொரு நிறுவனத்தின் கணக்கில் ஏற்றினால் 25 சதவீதம் கிடைக்கலாம், சில எழுத்துகளுக்கு ஒன்றுமே கிடைக்காது. எந்த எழுத்துக்கு எவ்வளவு என்ற பட்டியல் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே இருக்கிறது. இப்போதெல்லாம் அதைப் பார்க்காமல் டிக்கெட் எடுப்பதில்லை.

பறந்த தூரத்துக்கு மைல் என்பதே பழைய கதையாகிக்கொண்டிருக்கிறது. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஏஅட்வான்டேஜ் என்ற தன் மைல் திட்டத்தைத் தொடங்கியபோது கணக்கு தூரத்தை வைத்துத்தான். 2015-இல் டெல்டாவும் யுனைடெட்டும், மறுவருடம் அமெரிக்கனும், கொடுத்த கட்டணத்தை வைத்து மைல் தரும் முறைக்கு மாறின. மலிவு டிக்கெட் தேடி அலைகிற என்னைப் போன்றவர்களுக்கு அதில் மிஞ்சுவது குறைவு. ஒவ்வொரு வரவையும் எக்செல்லில் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு (வீட்டில் இதற்குக் கிடைக்கும் கிண்டல் தனி). எட்டு வருடத்தைக் கூட்டிப் பார்த்தால், பறந்து சம்பாதித்தது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

பாதிக்கு மேல் வந்தது கிரெடிட் கார்டில். அதிலும் மாதாமாதம் செலவு செய்து சேர்ந்ததைவிட, கார்டு வாங்கியதும் கிடைக்கிற வெல்கம் போனஸ்தான் பெரிது. குறிப்பிட்ட நாட்களுக்குள் குறிப்பிட்ட தொகை செலவழித்தால் மொத்தமாக ஏறும். இதற்காக வேண்டாத பொருள் வாங்கினால் போனஸுக்கு அர்த்தமில்லை. நான் காப்பீட்டு பிரீமியம் கட்டும் மாதத்துக்கு முன்பு கார்டுக்கு விண்ணப்பித்தேன். எப்படியும் போகப்போகிற பணம், அந்த வழியாகப் போனது. ஆனால் விதிமுறைகளை முதலில் படித்துவிட வேண்டும். வாலட்டில் பணம் ஏற்றுவது, வாடகை, வரி, எரிபொருள் எல்லாம் பல கார்டுகளில் பாயிண்ட் கணக்கில் வராது. பிரீமியத்தையே ஒதுக்கிவைக்கிற கார்டுகளும் உண்டு.

ஒரு முறை பில் கட்ட இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. வட்டியும் அபராதமும் சேர்ந்து, அந்த அரை வருடத்தில் சேர்த்த பாயிண்ட்டின் மதிப்பைத் தின்றுவிட்டன. அன்றிலிருந்து முழுத் தொகையும் தானாகவே கழிகிற மாதிரி வைத்துவிட்டேன். மாதாமாதம் பாக்கி வைக்கிறவர் என்றால் இந்த விளையாட்டுக்குள் வரவே வேண்டாம்.

அடுத்தது ஷாப்பிங் போர்ட்டல். விமான நிறுவனத்தின் போர்ட்டல் வழியாகக் கடைத் தளத்துக்குள் போய் வாங்கினால் கூடுதல் மைல். கேட்க எளிது, ஆனால் ஆரம்பத்தில் எனக்கு மூன்றில் ஒன்று பதிவாகவே இல்லை. லேப்டாப் வாங்கியதுதான் பெரிய வயிற்றெரிச்சல். போர்ட்டலில் கிளிக் செய்தேன், கடைப் பக்கம் திறந்தது, கூடையில் போட்டேன். பணம் கட்டும் நேரத்தில் பிரவுசரில் இருந்த கூப்பன் தேடும் நீட்டிப்பு (எக்ஸ்டென்ஷன்) 'தள்ளுபடி இருக்கிறது' என்று குதித்து வந்தது. ஆசைப்பட்டு அழுத்தினேன். அந்த ஒரு அழுத்தலில், விற்பனை போர்ட்டல் வழியாக இல்லாமல் கூப்பன் நிறுவனம் வழியாக வந்ததாகப் பதிவாகி, மைல் போய்விட்டது. கூப்பனும் வேலை செய்யவில்லை என்பது தனிச் சோகம். இப்போது போர்ட்டலுக்கென்றே ஒரு பிரவுசர் வைத்திருக்கிறேன். அதில் நீட்டிப்பு எதுவும் கிடையாது, விளம்பரத் தடுப்பான் கிடையாது, குக்கீக்கு அனுமதி உண்டு. கிளிக் செய்ததையும் ஆர்டர் எண்ணையும் படம் பிடித்து வைக்கிறேன். அப்புறம் எதுவும் தவறவில்லை.

ஓட்டல் பற்றி ஒரே வரி: இடைத்தரகர் வலைத்தளத்தில் பதிவு செய்தால் பெரும்பாலும் பாயிண்ட் கிடையாது, ஓட்டல் குழுமத்தின் தளத்திலேயே பதியுங்கள். சர்வே நிரப்பி மைல் சேர்ப்பதையும் ஒரு மாதம் செய்து பார்த்தேன். இருபது நிமிடம் பதில் சொல்லிவிட்டு 'நீங்கள் தகுதியானவர் இல்லை' என்று கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

சேர்ப்பதில் செய்த தப்புகளைவிட, கார்டு பாயிண்ட்டை விமான நிறுவனத்தின் மைலாக மாற்றுவதில் செய்த தப்புதான் இன்னும் உறுத்துகிறது. ஓர் இரவு, தேடிக்கொண்டிருந்த தேதியில் பிசினஸ் கிளாஸ் சீட் ஒன்று திரையில் தெரிந்தது. கார்டில் இருந்த 40,000 பாயிண்ட்டையும் அந்த நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். உடனே ஏறும் என்று நினைத்தேன், இரண்டு நாள் ஆனது. அதற்குள் சீட் போய்விட்டது. அனுப்பிய பாயிண்ட்டைத் திருப்பி வாங்க வழியே இல்லை. இப்போது அந்த மாதிரி சீட்டைக் கண்டால் முதலில் நிறுவனத்துக்குப் போன் செய்கிறேன். சில நிறுவனங்கள் சீட்டைச் சில நாள் பிடித்து வைக்கும். அப்படிப் பிடித்த பிறகுதான் மாற்று பொத்தானைத் தொடுகிறேன்.

டிக்கெட் எடுக்கும் முன் ஒரு சின்னக் கணக்கும் போடுவேன். காசு கொடுத்து வாங்கினால் என்ன விலை, அதில் 'இலவச' டிக்கெட்டுக்கும் கட்ட வேண்டிய வரியையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் கழித்து, மீதியைப் பாயிண்ட் எண்ணிக்கையால் வகுப்பேன். கடைசி நேரத்தில் விலை ஏறிய டிக்கெட்டுக்கு நல்ல மதிப்பு வரும். கார்டு நிறுவனத்தின் பரிசுப் பட்டியலில் இருக்கிற மிக்ஸிக்கும் சூட்கேஸுக்கும் எனக்கு ஒருதடவைகூட நல்ல மதிப்பு வந்ததில்லை.

சேர்த்ததைப் பூட்டி வைக்கவும் முடியாது. டெல்டா, யுனைடெட் போன்ற சிலவற்றில் மைலுக்குக் காலாவதி இல்லை, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில் மூன்று வருடம். காலாவதி இல்லாவிட்டாலும் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் 30,000 மைலுக்குக் கிடைத்த சீட் 38,000 ஆகியிருக்கும். எனக்கே இரண்டு முறை நடந்தது.

அந்த 40,000 மைல் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. கணக்கில் ஏதாவது நடமாட்டம் இருந்தால் அங்கே காலக்கெடு நீளும் என்பதால், போன வாரம் அவர்கள் போர்ட்டல் வழியாக ஒரு சார்ஜர் கேபிள் வாங்கினேன். வீட்டில் பழையதே நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.